நாலு மாதப் பங்காளி

நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன். அதிலும் கடைசி மூன்று மாதம் போகவில்லை. இருந்தாலும் மனித ரத்தத்தைப் பற்றி யாருக்காவது சந்தேகம் இருந்தால் தாராளமாக என்னிடம் வரலாம். எங்கள் தெரு முக்கில் கிளினிக் வைத்திருக்கிற சின்ன வயது டாக்டர் போன மாதம் எனக்கு ரத்தம் எடுத்துவிட்டு, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, "கொஞ்ச நேரத்துல நின்னுரும் ஐயா" என்றார்.

"நிக்காம என்ன செய்யும்? தட்டணு ஓடி வந்து ஓட்டையை அடைக்கும், அப்புறம் நாரு நாரா ஒரு வலை பின்னிக்கிடும், அதுல சிவப்பணு மாட்டி உறைஞ்சுதானே ஆகணும்" என்றேன்.

அவர் பஞ்சை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க எங்க படிச்சீங்க?"

"படிக்கல தம்பி. அச்சடிச்சேன்."

உண்மையைத்தான் சொன்னேன். பதினோரு வயதில் சிவகாசியில் ஒரு லித்தோ அச்சாபீஸில் கல் கழுவப் போனேன். அந்தக் காலத்தில் படத்தைக் கல்லின் மேல் வரைந்துதான் அடிப்பார்கள். அடித்து முடித்த கல்லை மணல் போட்டுத் தேய்த்து, அடுத்த படத்துக்குச் சுத்தமாக்குவது என் வேலை. இருபத்தெட்டாவது வயதில் எனக்கென்று ஒரு மெஷின், நாலு ஆள், வாசலில் பெயர்ப்பலகை. சிபாரிசு கிடையாது. மாமனார் வீட்டு உதவியும் கிடையாது.

அதற்கு மூன்றாவது வருஷம், ஐம்பதுகளின் நடுவில், பள்ளிக்கூடச் சாமான் விற்கும் சென்னைக் கம்பெனி ஒன்று எனக்கு ஓர் ஆர்டர் கொடுத்தது. சுவரில் மாட்டுகிற பெரிய படம். தலைப்பு 'மனித ரத்தம்'. அதுவரை நான் அடித்ததெல்லாம் தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள், சாமி காலண்டர். ரத்தம் புதுசு. படத்துக்கு விஷயம் எழுதிக் கொடுத்தவர் விருதுநகரில் இருந்த ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர். ஒவ்வொரு புரூஃபுக்கும் பஸ் ஏறி வந்து எங்கள் உயிரை எடுத்தார்.

முதல் சண்டை மஞ்சளில். ரத்தம் உறையாமல் மருந்து சேர்த்து ஒரு கண்ணாடிக் குழாயில் நிற்க வைத்தால் அது அடுக்கடுக்காகப் பிரிந்துவிடுமாம். அடியில் சிவப்பணுக்கள் தங்கும். அதற்கு மேல் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு. வெள்ளணுவும் தட்டணுவும் அதில்தான் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, குழாயில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக, வெளிர் மஞ்சள் நீர். அதன் பெயர் பிளாஸ்மா. நாம் தின்ற சோற்றின் சத்தையெல்லாம் உடம்பு முழுக்கச் சுமந்து போவது அந்த நீர்தான். என் ஆர்ட்டிஸ்ட், காலண்டர் லட்சுமிக்குச் சங்கிலி போடும் மஞ்சளை எடுத்துத் தாராளமாகப் பூசிவிட்டார். டாக்டர் பார்த்தார். "இதை உருக்கி நகை செஞ்சு போடவா?" என்று கேட்டார்.

இரண்டாவது சண்டை சிவப்பணுவில். நடுவில் பள்ளமாக வட்டமாக இருக்கும் என்று எழுதியிருந்ததைப் பார்த்து, ஆர்ட்டிஸ்ட் உளுந்த வடையாக வரைந்து வைத்திருந்தார், ஓட்டையோடு. கல் முழுக்க வடை. "ஓட்டை இல்லைய்யா. ஓட்டை போடாம ரெண்டு பக்கமும் கட்டை விரலால அமுக்குன வடை" என்று டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். மொத்தக் கல்லையும் தேய்த்து மறுபடி வரைந்தோம்.

மூன்றாவது சண்டை எனக்கும் அவருக்கும். இதயத்திலிருந்து போகிற குழாயைச் சிவப்பிலும், திரும்பி வருகிற குழாயை நீலத்திலும் போட வேண்டும் என்றார். நீலத்துக்குத் தனியாக ஒரு கல் வேண்டும். "நீல ரத்தத்தை எங்க பாத்தீக?" என்று கேட்டேன். "எங்கயும் இல்ல. திரும்பி வர்ற ரத்தம் கொஞ்சம் கறுத்த சிவப்பு, அம்புட்டுத்தான். ஆனா பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியணும்ல?" என்றார். மனுஷன் நேர்மையாகச் சொன்னதால் நீலக் கல் போட்டேன்.

இப்படிச் சண்டை போட்டுச் சண்டை போட்டே நான் கற்றேன். ரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுப்பது இரும்பு. நுரையீரலில் காற்றைப் பிடித்துக்கொண்டு போய் உடம்பு முழுக்க இறக்குவதும் அந்த இரும்புதான். ரத்தம் உற்பத்தியாகும் கம்பெனி எலும்புக்குள்ளே, மஜ்ஜையில். ஒரு சிவப்பணுவுக்கு ஆயுள் ஏறத்தாழ நூற்றிருபது நாள். வயதானதை மண்ணீரல் பிடித்து உடைத்து, இரும்பை மட்டும் எடுத்துத் திரும்ப மஜ்ஜைக்கு அனுப்பிவிடும். பழைய இரும்பு வியாபாரம் மாதிரி. ஆயிரக்கணக்கில் அந்தப் படத்தை அடித்தோம். ஓர் எழுத்துப் பிழை கிடையாது. இன்றைக்கும் கண்ணை மூடினால் எனக்கு அது முழுசாகத் தெரியும்.

ஆறேழு வருஷம் கழித்து என் மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசினோம். மாப்பிள்ளை அசல் இல்லை. என் மனைவியின் அண்ணன் மகன். அதாவது என் மாமனாரின் மகன் வழிப் பேரன். பிறந்ததிலிருந்தே முறை. இரண்டு பேருக்கும் மனசு உண்டு என்பது, அவன் விருதுநகரிலிருந்து வாரம் தவறாமல் எங்கள் ஆபீசுக்குக் காலண்டர் பார்க்க வந்ததிலேயே தெரிந்தது. ஆனி மாதத்தில் எவன் காலண்டர் பார்க்க வருகிறான்? தை பிறந்ததும் பரிசம் போடுவது என்று பேசி முடித்தோம்.

என் மாமனாரை இங்கே சொல்ல வேண்டும். விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்தார். ஒரு கை வத்தலை அள்ளி முகர்ந்தால் போதும், சாத்தூர்ப் பக்கத்துக் காடா வெம்பக்கோட்டைப் பக்கத்துக் காடா என்று சொல்லிவிடுவார். மனிதர்களையும் அப்படித்தான். பெயரைக் கேட்க மாட்டார். எந்த ஊர், என்ன வகையறா என்று கேட்பார். என் தொழில் மேல் அவருக்கு மரியாதை இல்லை. "நாங்க திங்கிறதை விக்கிறோம். எங்க மாப்பிள்ளை பாக்குறதை விக்கிறாரு" என்று நாலு பேர் முன்னால் சொல்லுவார்.

அந்த ஆவணி மாதம் அவர் ரத்தமாக வாந்தி எடுத்தார். வயிற்றில் புண். மதுரைக்குக் கொண்டு போனோம். வயிற்றைத் திறந்து தைக்க வேண்டும் என்ற டாக்டர், "ஏற்கெனவே ரொம்ப ரத்தம் போயிருச்சு. குறைஞ்சது ஒரு புட்டி ஏத்தாம நான் கத்தியைத் தொட மாட்டேன்" என்றார்.

ரத்தம் என்ற சொல்லைக் கேட்டதும், கூட வந்திருந்த மாமனாரின் பங்காளிகள் இரண்டு பேருக்கும் ஊரில் ஏதோ விசேஷம் இருப்பது ஞாபகம் வந்துவிட்டது. மிஞ்சியது மாப்பிள்ளைக்கு அப்பாவான என் மச்சானும் நானும். மச்சான் ஆறடி ஆள், வத்தல் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குகிறவர். விரல் நுனியில் ஊசி பட்டதும் பெஞ்சில் சாய்ந்துவிட்டார். அவரிடம் எடுத்த சொட்டை ஒரு கண்ணாடித் துண்டில் வைத்து மருந்து விட்டார்கள். பால் திரிந்த மாதிரி திட்டுத் திட்டாகக் கூடிக்கொண்டது. ஏ குரூப். மாமனாருக்கு ஓ குரூப். ஓ குரூப்காரர் உடம்பு ஓ குரூப்பை மட்டும்தான் ஏற்கும்; வேறு எதை ஏற்றினாலும் உள்ளே போய் அதே மாதிரி திரிந்து ஆளை முடித்துவிடும். மச்சானுக்கு அவருடைய அம்மா குரூப் வாய்த்திருக்கிறது.

அப்புறம் என் சொட்டு. எந்த மருந்துக்கும் அசையவில்லை. இளகிய சிவப்பு மை மாதிரி அப்படியே பரவி நின்றது. ஓ குரூப். யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். "கொடுக்கப் பிறந்த ரத்தம் மச்சான்" என்றேன். அவர் காதில் விழுந்ததா தெரியாது. முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாமனார் கட்டிலுக்குப் போனேன்.

"மாமா, ரத்தம் சேந்துருச்சு. என்னோடதுதான்."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "வேண்டாம் மாப்ளே."

"ஏன் மாமா?"

"உங்க ரத்தம் என் உடம்புல ஓடுனா நான் உங்களுக்கு யாரு?"

"மாமாதான்."

"ஒரே ரத்தம் ஓடுனா அதுக்குப் பேரு மாமனா? பங்காளி. நானும் நீங்களும் பங்காளி ஆயிட்டா உங்க மக என் மகனுக்கு என்ன வேணும்? தங்கச்சி. அப்பனோட தங்கச்சிக்கு என் பேரனைப் பரிசம் போடச் சொல்றீகளா?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அவர் படித்த கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பெண் எடுக்க முடியாதவன் பங்காளி. எடுக்க முடிந்தவன் மாமன், மச்சான். எங்கள் பக்கம் உலகமே இந்த இரண்டு வரிசைதான்.

"அப்ப வெளியில வாங்குவோம். வாசல்ல விலைக்குக் குடுக்கிறவுக நிக்கிறாக" என்றேன்.

"எந்தக் காடுன்னு தெரியாம ஒரு மூட்டை வத்தலே நான் வாங்குனதில்ல."

"ஏத்தாட்டி கத்தி வைக்க மாட்டாக. போயிருவீக மாமா."

"போனா ஒரு வருசம் துக்கம். அது கழிஞ்சு கல்யாணம் நடந்துரும். ரத்தம் ஏத்துனா என்னைக்கும் நடக்காது. இப்ப சொல்லுங்க, எது தேவல?"

சாகக் கிடக்கிற மனிதர் வியாபாரம் பேசுகிற நிதானத்தில் இதைச் சொன்னார். என் மனைவி கதவோரம் நின்றிருந்தாள். நீ பெரிய ஆள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வாயே, இப்போது செய் பார்க்கலாம் என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். அப்பாவா, மகள் கல்யாணமா என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டது அந்தப் பார்வை.

அப்போது எனக்கு நான் அடித்த படம் கண்ணில் வந்தது. வலது பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி.

"மாமா, ரத்தத்துக்கு ஆயுசு நாலு மாசம்தான். அதுக்கு மேல என் ரத்தம் ஒரு சொட்டுகூட உங்க உடம்புல இருக்காது."

ஒரு கண் திறந்தது. "யாரு சொன்னா?"

"நானே அச்சடிச்சிருக்கேன்."

"லெட்சுமிக்கு நாலு கையுந்தான் அச்சடிச்சிருக்கீக."

"இது டாக்டர் எழுதுனது மாமா. என் ரத்தம் உள்ள போகும். அதுல போன வாரம் பொறந்த அணுவும் இருக்கும், நாளைக்குச் சாகப் போறதும் இருக்கும். தெனமும் கொஞ்சம் கொஞ்சமாச் சாகும். உங்க எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜை தெனமும் உங்க ரத்தத்தைப் புதுசா ஊத்திக்கிட்டே இருக்கும். நூத்தி இருபது நாள்ல பூராவும் உங்களோடதுதான்."

"எலும்புக்குள்ளயா ரத்தம் ஊறுது?"

"கறிக்கடையில எலும்பை உடைச்சா உள்ள இருக்கே, அதுதான்."

அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகு கேட்டார்: "நாலு மாசமா உங்க ரத்தத்தையே பாத்துப் பழகி, என் மஜ்ஜை உங்க மாதிரியே செய்ய ஆரம்பிச்சுட்டா?"

இந்தக் கேள்விக்கு என் படத்தில் பதில் இல்லை. ஓடிப் போய் டாக்டரைக் கூட்டி வந்தேன். அவர் வாயை மூடிச் சிரித்துவிட்டு, "மஜ்ஜை பார்த்துக் கத்துக்காதுங்க. அது பிறந்தப்ப இருந்த மாதிரியேதான் செய்யும். உங்க மருமகன் சொன்ன நாலு மாசக் கணக்கும் சரிதான்" என்றார். நாலாம் வகுப்புக்காரன் சொன்னதை மதுரை டாக்டர் சரி என்று சொன்ன அந்த நிமிஷத்தை நான் இதுவரை ஐந்நூறு தடவை சொல்லியிருப்பேன், இன்னும் சொல்லுவேன்.

மாமனார் விரல் விட்டு எண்ணினார். "இன்னைக்கு ஏத்துனா?"

"மார்கழிக் கடைசியோட போயிரும். தை பொறந்தா நீங்க சுத்தமா நீங்கதான்."

"அது வரைக்கும் நாம பங்காளி. மொத நாள் முழுப் பங்காளி, போகப் போகக் கொறையும். சரி. ஆனா பங்காளிக்கு உள்ளது எல்லாம் எனக்கும் உண்டு, நல்லது கெட்டது ரெண்டுலயும். யாரும் சிரிக்கப்படாது."

"சிரிக்க மாட்டோம் மாமா."

"மாமாவா?"

"சரி அண்ணாச்சி" என்றேன்.

நான் படுத்து ஒரு புட்டி கொடுத்தேன். மயங்கவில்லை, எழுந்து நடந்தே காப்பிக் கடைக்குப் போனேன். அன்று மாலையே அவருக்கு ரத்தம் ஏற்றி வயிற்றைத் திறந்து தைத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு மருந்துச் சீட்டைக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே, "உங்க ரத்தம் நல்லா உபயோகப்பட்டுது. பிரசவ வார்டுல ஒரு அம்மாவுக்குப் போச்சு" என்றார்.

"எந்த அம்மாவுக்கு? எங்க மாமாவுக்கு ஏத்துனது?"

"உங்க புட்டியைச் சோதிச்சு முடிக்கறதுக்குள்ள அவருக்கு மறுபடி ரத்தம் போக ஆரம்பிச்சுருச்சு. ஐஸ் பெட்டியில அவசரத்துக்குன்னு சோதிச்சு வெச்ச ஓ குரூப் புட்டி ஒண்ணு இருந்துது, அதை ஏத்துனோம். உங்களுதை அதுக்குப் பதிலா உள்ள வெச்சோம். எப்பவும் நடக்கறதுதானே."

அவர்களுக்கு எப்பவும் நடக்கிறதுதான். ஊசிக்கு மயங்காதவன் அன்றைக்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். மாமனார் உடம்பில் ஓடுவது எந்த ஊர், என்ன வகையறா என்றே தெரியாத ஒருவர் ரத்தம். தெரிந்தால், நான்தான் ஏமாற்றி ஏற்றிவிட்டேன் என்று அந்த நிமிஷமே பரிசத்தை நிறுத்திவிடுவார். "டாக்டர், இதை அவர்கிட்ட சொல்ல வேண்டாம்" என்றேன். "நானா சொல்ல மாட்டேன். கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்" என்றார்.

எந்த ஊரிலோ எனக்கு ஒரு தங்கச்சி கிடைத்திருக்கிறாள் என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன். அந்தச் சிரிப்பு விருதுநகர் வரைக்கும்கூட நிற்கவில்லை.

மாமனார் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். ஊர் திரும்பியதிலிருந்து என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார். முன்பெல்லாம் மகள் வீட்டுக்கு வந்தால் மரியாதைக்கு ஒரு தம்ளர் மோர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். இப்போது பங்காளி வீட்டில் என்ன வெட்கம்? வாரம் இரண்டு நாள் வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். ரத்தம் ஊற என்று என் மனைவி சுவரொட்டி வாங்கி வறுத்து வைப்பாள். ஆட்டு மண்ணீரலுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். "இது ஆட்டோட பழைய இரும்புக் கடை" என்று நான் விளக்கம் சொன்னால், "தம்பி, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு. இன்னும் ரெண்டு துண்டு வை தாயி" என்பார்.

இதெல்லாம் நல்லதில் பங்கு. புரட்டாசியில் கெட்டது வந்தது. எம். புதுப்பட்டியில் என் பெரியப்பா தவறிவிட்டார். எண்பது தாண்டிய சாவு. சம்பந்தக்காரர் என்ற முறையில் மாமனாருக்கும் ஆள் சொல்லி அனுப்பினேன். அந்த முறைக்கு அவர் கோடித் துணி எடுத்துக்கொண்டு வர வேண்டும். வெறுங்கையோடு வந்தார். வந்தவர் நேராகப் பின்பக்கம் போய், மொட்டை போட வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் பங்காளிகளோடு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

என் சித்தப்பா மகன் என் காதில் கேட்டான். "ஏலே, உன் மாமனாரு இங்கன ஏன்லே உக்காந்திருக்காரு?"

"வெயிலுக்கு ஒதுங்கியிருப்பாரு."

"வெயில்லதாம்லே உக்காந்திருக்காரு."

நான் ஓடினேன். "மா... அண்ணாச்சி, இது வேண்டாம். எந்திரிங்க."

"செத்தவரு உனக்குப் பெரியப்பா. உனக்கு அண்ணாச்சின்னா எனக்கும் பெரியப்பாதான். எளையவன் மொட்டை போடணுமா இல்லையா?"

"இருபத்தஞ்சு நாள் ஆயிருச்சு. பங்காளி கொஞ்சம் கொறைஞ்சிருக்கும்ல?"

"கொறைஞ்சா பாதித் தலையா வழிப்பாக?" என்று கேட்டுவிட்டு, நாவிதர் பக்கம் திரும்பினார். "ரத்தம் குடுக்கையில பங்காளி, துக்கத்துல பங்காளி இல்லையாம்ல. நீரு ஆரம்பியும்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் தலை தப்பும், கல்யாணம் போகும். நான் தலையைவிட்டுக் கல்யாணத்தைப் பிடித்துக்கொண்டேன். கத்தி உச்சியில் இறங்கியது. நான் சாவு வீட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, துண்டை வாயில் திணித்து, தோள் குலுங்கக் குலுங்க நின்றேன். பெரியப்பா மேல் எவ்வளவு பாசம் என்று நாலு பேர் என்னைத் தேற்றினார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிவிட்டேன். அதுவரை அவளுக்கும் தெரியாது. முழுசும் கேட்டாள்.

"அப்ப எங்கப்பா யாருக்கோ மொட்டை போட்டிருக்காக."

"யாருக்கோ இல்ல, எங்க பெரியப்பாவுக்கு."

"உரிச்ச தேங்கா மாதிரி வந்து நிக்கிறாக. நீங்க சுவத்தைப் பாத்துச் சிரிச்சிருக்கீக. தை வரைக்கும் இந்த வீட்டுல உங்களுக்குச் சோறு மட்டும் உண்டு, பேச்சு கிடையாது" என்றாள். சொன்னபடியே இருந்தாள். மகள் மட்டும் ஒன்றும் தெரியாமல் தையல் மெஷினில் உட்கார்ந்து ரவிக்கைகளாகத் தைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் கேட்டாலே நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிடுவேன்.

மார்கழி முடிய நாலு நாள் இருக்கும்போது என் மனைவி ஆபீசுக்கே வந்தாள். மூன்று மாதத்துக்கு அப்புறம் முதல் பேச்சு. "அப்பா மொத பஸ்ஸுல மதுரைக்குப் போயிருக்காகளாம். பரிசத்துக்கு முன்னால, உங்க ரத்தம் பூரா போயிருச்சான்னு டாக்டர்கிட்டயே கேட்டுக்கிட்டு வரப் போறாகளாம்."

கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்று சொன்ன டாக்டர். மதுரைக்குக் காலண்டர் லோடு ஏற்றி நின்ற லாரியில் தொற்றிக்கொண்டேன். போய்ச் சேர்ந்தபோது மாமனார் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். தலையில் முடி அரை விரல் வளர்ந்திருந்தது.

"வாங்க மாப்ளே" என்றார். தம்பி போய்விட்டது. எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"டாக்டர் சொன்னாரா?"

"கேட்டேன். சொன்னாரு." இரண்டு கடலையை வாயில் போட்டார். "எனக்கு மொட்டை அடிக்கையில உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் மாமா."

"சுவத்தைப் பாத்துக்கிட்டு அழுதீகளே, அது?"

"சிரிப்பு."

"நானும் அப்பவே நெனைச்சேன், இந்த மனுசன் பெரியப்பாவுக்கு இம்புட்டு அழுக மாட்டாரேன்னு." கடலைத் தோலை ஊதினார். நான் மகளை நினைத்துக்கொண்டு நின்றேன்.

"அது யாரு குடுத்ததுன்னு நோட்டுல இருக்குமாம். பாத்துச் சொல்லட்டுமான்னு டாக்டர் கேட்டாரு. வேண்டாம்னுட்டேன்."

"ஏன் மாமா? நீங்க வத்தலுக்கே..."

"தெரிஞ்சா என்ன செய்ய? அவுக வீட்டுல இந்த நாலு மாசத்துல எத்தனை கேதமோ. எல்லாத்துக்கும் நான் மொட்டை போடணுமா? எவரா இருந்தாலும் பிள்ளை குட்டியோட நல்லா இருக்கட்டும். கணக்குப்படி ஆயுசு முடிஞ்சு என்னை விட்டுப் போயாச்சு. அதையும் டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டேன்."

எனக்கு மூச்சு வந்தது. "அப்ப பரிசம்?"

"தை மூணு. ஆனா என் பேரன் தட்டு மாத்தணும்னா எனக்கு ஒண்ணு செய்யணும். உங்க வீட்டு மொட்டை ஒண்ணை நான் போட்டேன். எங்க வீட்டு மொட்டை ஒண்ணை நீங்க போடணும். என் மண்டி வாசல்ல, பகல்ல."

எனக்கு அப்போது நாற்பதுக்கு உள்ளே வயது. அடர்த்தியான சுருட்டை முடி; சிவகாசியில் வேறு ஒரு முதலாளிக்கும் அப்படி இல்லை. அதை எண்ணெய் தேய்த்துப் படியவைக்கவே எனக்குக் கால் மணி நேரம் ஆகும். தையல் மெஷினின் சத்தத்தை ஒரு தடவை நினைத்துப் பார்த்துவிட்டு, சரி என்றேன்.

மறுநாள் விருதுநகர் பஜாரில், அவர் மண்டி வாசலில், வத்தல் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மனையைப் போட்டு உட்கார வைத்தார்கள். கண்ணாடி பிடித்தவர் என் மச்சான். எதிர் மண்டிக்காரர் இறங்கி வந்து, "என்ன அண்ணாச்சி, மாப்பிள்ளை மொட்டை போடுறாக? யாரு தவறிட்டாக?" என்று என் மாமனாரைக் கேட்டார்.

"எங்க பங்காளி ஒருத்தரு. நாலு மாசந்தான் இருந்தாரு, பாவம்" என்றார் மாமனார், ஒரு கை வத்தலை அள்ளி முகர்ந்துகொண்டே.

தை மூன்றாம் தேதி அந்தத் தலையோடுதான் நான் தட்டு மாற்றினேன். என் மனைவி சபை நடுவில் சிரித்துவிட்டாள்.